காலில் ஊசி, குடலில் அசைவு: மின் அக்குபங்சர் நரம்புகள் வழியே செய்யும் வேலை

முழங்கால் சிப்பியின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் அகலம் கீழே இறங்குங்கள். காலின் முன்பக்க எலும்பு கைக்குத் தட்டுப்படும். அதிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கமாக நகர்ந்து அழுத்தினால் தசைக்குள் ஆழத்தில் மந்தமாக ஒரு வலி தெரியும். சீன மருத்துவத்தில் இந்த இடத்துக்குச் சூசான்லி என்று பெயர். வயிற்றுத் தடத்தின் 36ஆவது புள்ளி. வயிற்று உப்புசம், செரிமானக் கோளாறு, குமட்டல், மலச்சிக்கல் என்று எந்தப் புகாரோடு அக்குபங்சர் மருத்துவரிடம் போனாலும் பெரும்பாலும் இங்கே ஓர் ஊசி விழும்.

இந்த இடத்துக்கும் இரைப்பைக்கும் இடையே அரை மீட்டருக்கும் அதிகமான தூரம். காலில் குத்திய ஊசி வயிற்றுக்குள் இருப்பதை எப்படி அசைக்கும்?

பழைய விளக்கம், ‘சி’ என்ற உயிராற்றல் தடங்களில் ஓடுகிறது, ஊசி அதன் அடைப்பை நீக்குகிறது என்பது. அந்த விளக்கத்தை இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன். உடலை அறுத்துப் பார்த்தால் தடம் என்று எதுவும் கையில் சிக்குவதில்லை, நரம்பு சிக்குகிறது. அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே போனால் காலிலிருந்து குடல்வரை ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் பார்க்கப் போகிறோம்.

குடல் யார் சொல்லி அசைகிறது?

முதலில் குடலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அது மூளையின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் உறுப்பு அல்ல. 1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கில உடலியலாளர்கள் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை எல்லாம் துண்டித்துவிட்டு உள்ளே ஓர் உருண்டையை வைத்துப் பார்த்தார்கள். உருண்டைக்கு மேலே உள்ள பகுதி சுருங்கியது, கீழே உள்ள பகுதி தளர்ந்தது, உருண்டை ஆசனவாய்ப் பக்கமாக நகர்ந்தது. மூளையோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் வேலை நடந்தது.

காரணம், குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. தசை அடுக்குகளுக்கு நடுவில் ஒரு வலை, உட்படலத்துக்குக் கீழே இன்னொரு வலை. இரண்டிலும் சேர்த்து பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள். இதைக் ‘குடல் நரம்பு மண்டலம்’ என்கிறார்கள். ‘இரண்டாவது மூளை’ என்ற பட்டப்பெயரும் இதற்கு உண்டு. எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. குடல் யோசிப்பதில்லை, ஆனால் தன் தொழிலை நன்றாக அறிந்திருக்கிறது.

அதோடு தாளம் போடுவதற்கென்றே தனியாகச் சில செல்கள் உள்ளன. ஸ்பெயின் நாட்டு நரம்பியலாளர் கஹாலின் பெயரால் அழைக்கப்படும் இந்தச் செல்கள் ஓயாமல் மெல்லிய மின் அலைகளை எழுப்பிக்கொண்டே இருக்கும். மனித இரைப்பையில் நிமிடத்துக்குச் சுமார் 3 அலை. சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12. அதன் கடைசிப் பகுதியில் 8 போல. ஒவ்வொரு அலைக்கும் தசை சுருங்கியே தீரும் என்பதில்லை. அலை ‘இப்போது சுருங்கலாம்’ என்று வாய்ப்பைத் தருகிறது. சுருங்குவதா, எவ்வளவு பலமாக என்பதை நரம்புகளும் ஹார்மோன்களும் முடிவு செய்கின்றன.

அப்படியானால் மூளைக்கு என்ன வேலை? மேஸ்திரி வேலை. குடல் கைதேர்ந்த தொழிலாளி. மேஸ்திரி இல்லாவிட்டாலும் வேலை ஓடும். அவர் வந்து ‘சீக்கிரம்’ என்றால் வேகம் கூடும், ‘நிறுத்து’ என்று கை காட்டினால் நிற்கும். இந்த இரண்டு உத்தரவுகளும் இரண்டு தனித்தனி நரம்பு வழிகளில் வருகின்றன.

‘சீக்கிரம்’ என்பது பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வழியே வரும். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் புறப்பட்டு, கழுத்து, மார்பு வழியாக இறங்கி, இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெருங்குடலின் முதல் பாதியைக் கொஞ்சம் தாண்டியும் கிளை விடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் உதவியால் தசைகள் சுருங்குகின்றன. (வேகஸில் இரைப்பையைத் தளர்த்தும் இழைகளும் உண்டு, சாப்பிடும்போது இரைப்பை விரிந்து இடம் கொடுப்பது அவற்றால்தான். ஆரம்பப் பாடத்துக்கு அதை விட்டுவிடலாம்.) பெருங்குடலின் மீதிப் பகுதிக்கும் மலக்குடலுக்கும் இதே வேலையைச் செய்யும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிமுனையிலிருந்து, இடுப்புப் பகுதி வழியாக வருகின்றன.

‘நிறுத்து’ என்பது பரிவு நரம்புகளின் வழியே. இவை தண்டுவடத்தின் நடுப்பகுதியில் புறப்பட்டு, வயிற்றின் பின்சுவருக்கு அருகே உள்ள நரம்பு முடிச்சுகளில் மாறி, குடலுக்குப் போகின்றன. இங்கே நோரட்ரினலின். பயம், கோபம், கடுமையான வலி என்றால் இந்த வழி திறந்துகொள்ளும். 1890களின் இறுதியில் அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனன், அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துப் பூனையின் இரைப்பை அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் அசைவு சட்டென்று நின்றுபோனது. தேர்வு நாளில் சாப்பாடு இறங்காமல் நெஞ்சில் கல் போல நிற்பதாகத் தோன்றுமே, அதன் பின்னால் இருப்பது இதே பரிவு நரம்புதான்.

இவ்வளவும் போதும். ஊசி குடலை நேரடியாக அசைக்க வேண்டியதில்லை. மேஸ்திரியின் காதில் ஏதாவது விழும்படி செய்தால் போதும்.

ஊசியில் மின்சாரம் எதற்கு?

சாதாரண அக்குபங்சரில் ஊசியைக் குத்திய பிறகு விரலால் உருட்டுவார்கள், மேலும் கீழுமாக அசைப்பார்கள். ஒருவர் உருட்டுவது போல இன்னொருவர் உருட்டமாட்டார். காலையில் உருட்டியது போல மாலையில் அவரே உருட்டமாட்டார். மின் அக்குபங்சரில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு ஊசிகளைக் குத்தி, அவற்றின் பிடியில் சிறு கிளிப்புகளை மாட்டி, ஒரு சின்ன கருவியிலிருந்து மின் துடிப்புகளை அனுப்புகிறார்கள். விநாடிக்கு எத்தனை துடிப்பு, எவ்வளவு பலம், எத்தனை நிமிடம் என்று எண்ணில் சொல்லலாம். பொதுவாக 2 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை, சில மில்லியாம்பியருக்குள், 20 அல்லது 30 நிமிடம். 2 ஹெர்ட்ஸ் வைத்தால் விநாடிக்கு இரண்டு முறை யாரோ உள்ளிருந்து தட்டுவது போல இருக்கும். தசை துள்ளுவது கண்ணுக்கே தெரியும். 100 ஹெர்ட்ஸில் அது ஒரே விறுவிறுப்பாக மாறிவிடும்.

இந்த எண்கள் முக்கியமானவை. நரம்பு என்பது ஒரே கம்பி அல்ல, பல தடிமனில் உள்ள இழைகளின் கட்டு. தொடுகையையும் தசையின் நிலையையும் சொல்லும் தடித்த இழைகள் குறைந்த மின்னோட்டத்திலேயே எழுந்துவிடும். சுருக்கென்ற வலியைச் சொல்லும் மெல்லிய இழைகளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். எரிச்சலையும் ஆழமான வலியையும் சொல்லும் மிக மெல்லிய இழைகளுக்கு அதற்கும் மேல். ஆகவே கருவியின் குமிழைத் திருப்பும்போது, எந்த இழைகளைப் பேசவைப்பது என்று தேர்ந்தெடுக்கிறோம். யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மேஸ்திரியின் பதிலும் மாறும்.

துடிப்பின் வேகத்துக்கும் தனிக் கதை உண்டு. சீன நரம்பியலாளர் ஹான் ஜிஷெங் வலி நிவாரணத்தை ஆராய்ந்தபோது, உடலே சுரக்கும் வலி நிவாரணிகளில், 2 ஹெர்ட்ஸ் மூளையிலும் தண்டுவடத்திலும் எண்டார்ஃபின், என்கெஃபலின் போன்றவற்றையும் 100 ஹெர்ட்ஸ் டைனார்ஃபினையும் வெளிவரச் செய்வதைக் காட்டினார். ஒரே ஊசி, ஒரே இடம், வேகம் மட்டும் வேறு. சுரக்கும் பொருளும் வேறு. ‘அக்குபங்சர் வேலை செய்யுமா’ என்று பொதுவாகக் கேட்பது ‘மாத்திரை வேலை செய்யுமா’ என்று கேட்பது போலத்தான். எந்த மாத்திரை, எவ்வளவு?

காலிலிருந்து மேலே, வயிற்றிலிருந்து குறுக்கே

சூசான்லியில் ஊசி இறங்கும் இடத்தில் முன்கால் தசை இருக்கிறது. அதன் அடியில் ஆழமான ஒரு நரம்பு ஓடுகிறது. துடிப்பு அந்தப் பகுதியின் உணர்வு இழைகளைக் கிளப்புகிறது. செய்தி கால் வழியாக ஏறி, இடுப்புக்கு மேலே தண்டுவடத்துக்குள் நுழைகிறது. இதுவரை நம் உடலில் எங்கே முள் குத்தினாலும் நடப்பதுதான். சுவாரசியம் இதற்குப் பிறகுதான்.

1993இல் அகியோ சாட்டோவும் அவருடைய குழுவினரும் ஜப்பானில் செய்த ஒரு சோதனையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயத்தின் எலும்புக்கூடும் அதில் இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும் எலியின் இரைப்பைக்குள் ஒரு சிறு பலூனை வைத்தார்கள். இரைப்பை சுருங்கினால் பலூனின் அழுத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். பிறகு உடலின் வெவ்வேறு இடங்களில் ஊசியால் தூண்டிப் பார்த்தார்கள்.

வயிற்றுப் பகுதியில் தூண்டியபோது இரைப்பை அடங்கியது. பின்னங்காலில் தூண்டியபோது இரைப்பை சுறுசுறுப்பானது. இடத்தை மாற்றியதும் விளைவு தலைகீழாகிவிட்டது.

மயக்கத்தில் இருக்கும் எலிக்கு எதிர்பார்ப்பு கிடையாது, மருத்துவர்மேல் நம்பிக்கை கிடையாது. ஆகவே இதை மனத்தின் வேலை என்று தள்ளிவிட முடியாது. இது அனிச்சைச் செயல்; சூடான பாத்திரத்தில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அதே இனம். அங்கே அசைவது கைத்தசை, இங்கே அசைவது இரைப்பைத் தசை.

அடுத்து அவர்கள் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தார்கள். இரைப்பைக்குப் போகும் பரிவு நரம்புகளை வெட்டியதும், வயிற்றில் தூண்டினால் வரும் அடக்கம் மறைந்துபோனது. வேகஸை வெட்டியதும், காலில் தூண்டினால் வரும் சுறுசுறுப்பு மறைந்துபோனது. கழுத்தில் தண்டுவடத்தைத் துண்டித்து மூளையோடு இருந்த தொடர்பை அறுத்தபோது, வயிற்றின் விளைவு அப்படியே இருந்தது, காலின் விளைவு போய்விட்டது.

ஏன் இப்படி என்பதை உடலமைப்பை வைத்தே ஊகிக்கலாம். வயிற்றுத் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தின் எந்தத் தளங்களில் நுழைகின்றனவோ, கிட்டத்தட்ட அதே தளங்களிலிருந்துதான் குடலுக்கான பரிவு நரம்புகள் புறப்படுகின்றன. உள்ளே வந்த செய்தி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், தடை உத்தரவு கிளம்பிவிடும். மூளைவரை போகத் தேவையில்லை. காலிலிருந்து வரும் செய்திக்கு அந்த வசதி இல்லை. அது நுழையும் இடத்துக்கு அருகில் இரைப்பைக்கான நரம்பு எதுவும் கிளம்புவதில்லை. ஆகவே அது தண்டுவடம் முழுக்க ஏறி முகுளத்துக்குப் போகிறது. அங்கே உடலின் உள்ளுறுப்புச் செய்திகள் எல்லாம் வந்து சேரும் ஒரு நரம்புக் கரு இருக்கிறது. அதை ஒட்டியே வேகஸின் இயக்கு செல்கள் குடியிருக்கும் கரு. காலின் செய்தி இந்தக் கூட்டத்தில் கலந்து, வேகஸ் வழியாகக் கீழே இறங்கி இரைப்பைக்கு வருகிறது.

வேகஸில் உள்ள இழைகளில் சுமார் 80 சதவீதம் குடல் உள்ளிட்ட உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதாவது முகுளத்தில் இருக்கும் மேஸ்திரிக்குக் குடலின் நிலவரம் ஏற்கெனவே நன்றாகத் தெரியும். காலிலிருந்து வரும் செய்தி அந்த நிலவரத்தோடு சேர்த்துத்தான் எடைபோடப்படுகிறது. விழித்திருக்கும் எலிகளில் சூசான்லியைத் தூண்டிய ஆய்வுகளில் இது தெரிந்தது: இரைப்பை மந்தமாக இருந்த எலிகளில் அசைவு கூடியது, ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருந்த எலிகளில் குறைந்தது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்ததும், கூடும் பக்கத்து விளைவு காணாமல் போனது. வேகஸை வெட்டினாலும் அப்படியே.

‘அக்குபங்சர் உடலின் சமநிலையை மீட்கிறது’ என்று விளம்பரங்களில் படிக்கும்போது எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் இந்த எலி முடிவைப் பார்க்கும்போது, அந்தத் தேய்ந்த வாசகத்துக்குள் ஒரு துளி உண்மை ஒளிந்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்த நரம்பு செல்?

இடம் முக்கியம் என்பது 1993இலேயே தெரிந்துவிட்டது. எந்த நரம்பு செல் என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஹார்வர்டில் இருந்த கியூஃபு மாவின் குழு 2020இலும் 2021இலும் எலிகளில் செய்த ஆய்வுகள் இதில் பெரிய அடி. அவர்கள் பார்த்தது குடல் அசைவை அல்ல, உடல் முழுக்கப் பரவும் அழற்சியை. இருந்தாலும் வழி ஒன்றேதான், அதனால் நமக்கும் பயன்படும்.

பின்னங்காலில் சூசான்லி இருக்கும் இடத்தில் 0.5 மில்லியாம்பியர் என்ற மென்மையான மின்னோட்டம் கொடுத்தபோது வேகஸ் கிளம்பியது, அழற்சி குறைந்தது. அதே மென்மையான மின்னோட்டத்தை வயிற்றுப் புள்ளியில் கொடுத்தால் வேகஸ் அசைந்துகொடுக்கவில்லை. வயிற்றில் பலமாகக் கொடுத்தபோது பரிவு நரம்புகள் எழுந்தன. பிறகு 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வில், காலின் விளைவுக்குத் தேவையான உணர்வு செல்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்தச் செல்களின் நுனிகள் பின்னங்காலில் ஆழத்தில், எலும்பை ஒட்டிய உறைகளில் நிறைய இருக்கின்றன. வயிற்றின் உறைகளில் அவை இல்லை. அந்தச் செல்களை அழித்துவிட்டால் காலில் அதே மென்மையான மின்னோட்டத்தைப் பாய்ச்சியும் வேகஸ் கிளம்பவில்லை. ஊசியே இல்லாமல் அந்தச் செல்களை மட்டும் ஒளியால் தூண்டினால் கிளம்பியது.

ஆக, புள்ளி என்பது வெறும் கற்பனை இல்லை; ஆனால் மந்திரப் பொத்தானும் இல்லை. குறிப்பிட்ட வகை நரம்பு நுனிகள் அடர்ந்திருக்கும் பகுதி அது. ஊசி சரியான ஆழத்துக்குப் போக வேண்டும், மின்னோட்டம் சரியான இழைகளை எழுப்ப வேண்டும். தோலை மட்டும் கீறிவிட்டு வந்தால் அந்த நுனிகளுக்குச் சேதி போகாது.

அறுவை முடிந்து அசையாத குடல்

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் மருத்துவர் தினமும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘காற்றுப் பிரிந்ததா?’ சிரிப்பு வரலாம், ஆனால் கேள்வி தீவிரமானது. அறுவைக்குப் பிறகு குடல் சில நாள் முடங்கிக் கிடக்கும். வயிறு உப்பும், வாந்தி வரும், வாய்வழி உணவு கொடுக்க முடியாது, வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

இந்த முடக்கத்துக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. வயிற்றைக் கீறியதும் பரிவு நரம்புகளின் தடை உத்தரவு உச்சத்துக்குப் போகிறது. மேலே பார்த்த வயிற்று அனிச்சையின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம், குடலைக் கையால் தொட்டு நகர்த்தியதால் அதன் தசை அடுக்கில் உள்ள பெருவிழுங்கி என்ற நோய் எதிர்ப்பு செல்கள் விழித்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் குடல் நரம்பு வலையையே நேராக அமுக்குகின்றன. முதல் இரண்டுக்கும் வேகஸ் எதிரி: அசைவைத் தூண்டுகிறது, அழற்சியைத் தணிக்கிறது. ஊசியால் வலி குறைந்தால் மார்ஃபினும் குறையும். மின் அக்குபங்சரை இங்கே முயன்று பார்க்கத் தோன்றியதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. 1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனா போயிருந்தபோது பெய்ஜிங்கில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி வேதனை. மருத்துவர் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசிகளைக் குத்தி உருட்டினார். ஒரு மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்ததாக ரெஸ்டன் எழுதினார். அமெரிக்காவில் அக்குபங்சர் பரவலாகப் பேசப்படத் தொடங்கியது அந்தக் கட்டுரையால்தான். அவருக்கு அக்குபங்சரால் மரத்துப்போகச் செய்துதான் அறுவை நடந்தது என்று இன்றும் பலர் சொல்வார்கள். தவறு. மரத்துப்போக வழக்கமான மருந்தைத்தான் ஊசியாகப் போட்டார்கள். அக்குபங்சர் வந்தது குடல் அசையாதபோதுதான். அதுவும் ஒரே ஒரு நோயாளியின் அனுபவம். இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ குடல் தானாகவே விழித்துக்கொள்வதும் உண்டு.

அதனால்தான் ஒப்பீட்டுச் சோதனைகள் வேண்டும். ஹாங்காங்கில் நடந்து 2013இல் வெளியான ஒன்றில், பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்காக லேப்ராஸ்கோப்பி அறுவை செய்துகொண்ட 165 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஊசியே இல்லாதவர்களுக்கு முதல் மலம் வரச் சராசரியாக 122 மணி நேரம் ஆனது. போலி ஊசி பெற்றவர்களுக்கு 107.5. உண்மையான மின் அக்குபங்சர் பெற்றவர்களுக்கு 86. வலி மருந்தின் தேவையும் குறைந்தது.

நடுவில் இருக்கும் அந்த 107.5ஐ விட்டுவிடக் கூடாது. போலி ஊசிக்கே சுமார் 15 மணி நேரம் குறைந்திருக்கிறது. கவனிப்பு, எதிர்பார்ப்பு, தோலைத் தொட்டதால் எழுந்த சிறு தூண்டல் என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மீதி 21 மணி நேரத்தைத்தான் ‘சரியான இடம், சரியான ஆழம், மின்சாரம்’ ஆகியவற்றின் கணக்கில் எழுதலாம். 2022இல் சீனாவில் 248 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் வித்தியாசம் இன்னும் சிறியது: போலி ஊசிக்கு 90 மணி நேரம், உண்மையானதற்கு 76. அங்கே எல்லா நோயாளிகளுக்கும் விரைவாக எழுந்து நடக்கவைப்பது, சீக்கிரம் உணவு கொடுப்பது போன்ற நவீன கவனிப்பு ஏற்கெனவே இருந்தது. அடிப்படைக் கவனிப்பு நன்றாக இருக்கும்போது ஊசிக்குச் சாதிக்க மிச்சமிருப்பது குறைவு. 2010இல் வெளியான 90 பேர் கொண்ட ஒரு சோதனையிலோ பலனே தெரியவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உதவி இருக்கிறது, அது மிதமானது என்பதுதான் என் கணிப்பு.

மலச்சிக்கலில் ஒரு முரண்

நாள்பட்ட மலச்சிக்கலுக்கு இதுவரை நடந்த பெரிய சோதனை 2016இல் வெளியானது. சீனாவில் 15 மருத்துவமனைகள், 1,075 பேர். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் முழுமையாக, தானாக மலம் போகாதவர்கள். 8 வாரத்தில் 28 முறை சிகிச்சை. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வாரத்துக்கு 1.76 முறை கூடியது. போலி பெற்றவர்களுக்கு 0.87. சிகிச்சையை நிறுத்திய பிறகும் 12 வாரம் அந்த வித்தியாசம் நீடித்தது என்பதுதான் எனக்கு அதில் பெரிய செய்தி. ஊசி இருக்கும்வரை மட்டும் நடக்கும் அனிச்சை என்றால் அது ஊசியை எடுத்ததும் நின்றிருக்க வேண்டும். குடல் நரம்பு வலையோ, முகுளத்தின் பழக்கமோ, ஏதோ ஒன்று கொஞ்சம் மாறியிருக்க வேண்டும்.

ஆனால் கூர்ந்து படித்தவர்கள் இந்நேரம் கை தூக்கியிருப்பார்கள். அந்தச் சோதனையில் பயன்படுத்திய மூன்று புள்ளிகளில் இரண்டு வயிற்றில் உள்ளவை! தொப்புளுக்கு இருபுறமும் ஒன்று, இன்னொன்று அதற்குச் சற்றுக் கீழே, ஓரமாக. மூன்றாவதுதான் காலில், சூசான்லிக்குக் கீழே. வயிற்றில் தூண்டினால் அடங்க வேண்டும் அல்லவா? பின் எப்படி மலச்சிக்கல் குறைந்தது?

எலியில் அடங்கியது இரைப்பை. இங்கே பேச்சு பெருங்குடலைப் பற்றியது. எலி மயக்கத்தில் இருந்தது, மனிதர்கள் விழித்திருந்தார்கள். எலியின் குடல் ஆரோக்கியமானது. இவர்களுடையது மாதக்கணக்காக மந்தமானது. எலியில் பார்த்தது சில நிமிட விளைவு, இங்கே வாரக்கணக்கு. மலச்சிக்கல் என்பதும் ஒரே கோளாறு அல்ல: சிலருக்குக் குடல் மெதுவாகத் தள்ளுகிறது, சிலருக்கு வெளியேற்றும் நேரத்தில் தளர வேண்டிய தசை தளர மறுக்கிறது. ‘வயிறு என்றால் தடை, கால் என்றால் முடுக்கம்’ என்பது நரம்பு வழிகளைப் புரிந்துகொள்ள நல்ல சூத்திரம்; சிகிச்சைச் சீட்டில் எழுதும் அளவுக்கு நல்லதல்ல. சோதனையில் போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வேறு இடத்தில், மேலாக, மின்சாரம் இல்லாமல் குத்தினார்கள். எனவே இடமா, ஆழமா, மின்சாரமா, எது வேலை செய்தது என்று அந்த முடிவை வைத்துப் பிரித்துச் சொல்லவும் முடியாது. ஊசி போட்டவருக்கு எது உண்மை, எது போலி என்று தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்குபங்சர் ஆய்வுகளின் தீராத தலைவலி அது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் மின்சாரம் குடலை நோக்கி வருகிறது. அடிமுதுகில், முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிக எலும்பின் மூன்றாவது துளைக்கு நேராக ஓர் அக்குபங்சர் புள்ளி உண்டு. மலம் அடக்க முடியாதவர்களுக்கு நவீன அறுவை மருத்துவர்கள் மின்வாய்க் கம்பியைப் பொருத்துவதும் பெரும்பாலும் அதே துளை வழியாகத்தான். இரண்டு மரபுகளும் ஒரே நரம்பின் வாசலில் வந்து நிற்கின்றன. ஒன்றுக்கு அது புள்ளி, மற்றதற்கு அது மூன்றாவது திரிக நரம்பு.

போவதற்கு முன்

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியிருப்பவர்கள் மின் அக்குபங்சரைத் தவிர்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் துடிப்பை அந்தக் கருவி இதயத் துடிப்பென்று தவறாக எண்ணிவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும், கிருமி நீக்கிய ஊசிதானா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நடு வயதுக்குப் பிறகு திடீரென்று மாறிய மலப் பழக்கம், வயிறு உப்பி வாந்தியோடு காற்றும் பிரியாமல் நிற்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஊசிக்கு முன்பு மருத்துவரிடம் போக வேண்டும். குடலை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும்போது வேகஸைத் தட்டியெழுப்பிப் பயனில்லை.